காயும் பிள்ளையும் மூன்று கணக்குகளும்

சொந்த ஊரில் இருந்த காலத்தில், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரைக் கேட்பது என்பது எமக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வளவில் பிள்ளை வளர்த்துப் பழகிய ஒரு ஆச்சி இருந்தார். எந்த வைத்தியசாலைக்கு எந்த வழியால் போவது, இரவில் யாருடைய வண்டியைக் கேட்பது என்பவற்றையும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இடம்பெயர்ந்து வந்தபின் இந்தத் துணைகள் எல்லாம் ஒன்றாக இல்லாமற் போகின்றன. தறப்பாள் கொட்டிலிலோ உறவினர் வீட்டு விறாந்தையிலோ இருந்துகொண்டு, நடு இரவில், தாயும் தகப்பனும் தனியே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. விடிந்ததும் வைத்தியசாலைக்குப் போனால் ஒரு நாட் கூலி போய்விடும். போகாமல் இருந்தால் என்ன ஆகுமோ என்ற பயம் வேறு.

அந்த முடிவை எடுக்க உதவும் சில விடயங்களையே இங்கு தருகின்றோம். சிறு பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சல்களில் பெரும்பாலானவை தடிமன், தொண்டை நோ போன்று வைரசுக் கிருமிகளால் வருபவை. அவை சில நாட்களில் தாமாகவே மாறிவிடும். ஒரு சில மட்டுமே உயிரைக் கொண்டு போகக்கூடியவை. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு உடம்புச் சூட்டை மட்டும் பார்த்தால் போதாது. நெருப்பாய்க் காய்கின்ற பிள்ளை எழும்பி விளையாடவும் கூடும். சூடு தணிந்த பிள்ளை ஆபத்தில் கிடக்கவும் கூடும். ஆகவே நாம் மூன்று கணக்குகளை வைத்திருக்க வேண்டும்: நாட் கணக்கு, மூச்சுக் கணக்கு, சலக் கணக்கு.

காய்ச்சல் என்பது என்ன?

காய்ச்சல் தனியொரு நோய் அல்ல. உடம்புக்குள் கிருமி புகுந்ததும், மூளையில் உள்ள வெப்பத்தைச் சீர்செய்யும் பகுதி உடம்பின் சூட்டை உயர்த்துகின்றது. இது கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் வேலை. சூடு ஏறும்போது பிள்ளைக்குக் குளிரும். கை கால் குளிர்ந்து, வயிறும் நெஞ்சும் கொதிக்கும். நடுக்கத்தைக் கண்டு கம்பளியால் இறுகச் சுற்றிவிட்டால் சூடு வெளியேற வழியில்லாமற் போகும். மெல்லிய பருத்தி உடுப்பு ஒன்று போதும்.

கைவைத்துப் பார்த்துக் காய்ச்சலைச் சந்தேகிக்கலாம்; அளவு தெரிய வெப்பமானி வேண்டும். இலக்கத்தில் காட்டும் சிறிய வெப்பமானியை அக்குளில் வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடித்து, அது ஒலி எழுப்பும்வரை காத்திருங்கள். 37.5 பாகை செல்சியசும் அதற்கு மேலும் காய்ச்சல் எனக் கொள்க.

தகரக் கூரையின் கீழும் தறப்பாளின் கீழும் இருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உச்சி வெயிலில் அந்தக் கொட்டிலே அடுப்பாகிவிடும். உள்ளே கிடக்கும் குழந்தையின் உடம்பு வெக்கையால் மட்டுமே சூடேறலாம். பிள்ளையை மர நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைக் குறைத்து, குடிக்கக் கொடுத்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதும் சூடு இருந்தால் அது காய்ச்சல். வெக்கையில் கிடந்த பிள்ளை சோர்ந்து மயங்கினால் அளந்து கொண்டிருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

"பல் முளைக்கிறது, அதுதான் காய்ச்சல்" என்று சொல்லிக் காத்திருக்கும் வழக்கம் எம்மிடையே உண்டு. பல் முளைக்கும்போது பிள்ளை சிணுங்கும், வீணீர் வடிக்கும். கடும் காய்ச்சல் வராது. பல் முளைக்கும் வயதில் வந்த காய்ச்சலுக்கும் வேறு காரணம் இருக்கிறது என்றே எண்ண வேண்டும்.

மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தை

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கணக்குப் பார்க்க நேரமில்லை. அது இரவாக இருந்தாலும் வைத்தியசாலைக்குப் புறப்படுங்கள். இந்த வயதில் கிருமி மிக விரைவாக இரத்தத்திலும் மூளையிலும் பரவக்கூடும். வெளியே தெரியும் அடையாளமோ மிகக் குறைவு. பச்சைக் குழந்தையின் உடம்பு வழமைக்கு மாறாகக் குளிர்ந்துபோய், பால் குடியாமல் சோர்ந்து கிடந்தால் அதுவும் காய்ச்சலைப் போலவே ஆபத்தானது. வைத்தியர் சொல்லாமல் இந்த வயதுக் குழந்தைக்கு எந்தக் காய்ச்சல் மருந்தும் கொடுக்கக்கூடாது. தாய்ப்பாலை மட்டும் நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டு செல்லுங்கள்.

முதலாவது: நாட் கணக்கு

காய்ச்சல் தொடங்கிய நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். கலண்டர் இல்லாவிட்டால் கப்பில் கரியால் ஒரு கோடு போடுங்கள். "இரண்டு மூன்று நாளாக இருக்குமையா" என்று சொல்வதற்கும், "திங்கள் பின்னேரம் தொடங்கியது" என்று சொல்வதற்கும் வைத்தியருக்குப் பெரிய வேறுபாடு உண்டு. அதற்கு முக்கிய காரணம் டெங்கு.

யுத்த காலத்தில் வன்னியில் காய்ச்சல் என்றதும் மலேரியாவே முதலில் நினைவுக்கு வந்தது. இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரில் சான்று வழங்கியது. அதனால், வெளிநாடு போய் வந்தவர் என்றால் தவிர, இன்று எமது பிள்ளைகளின் காய்ச்சலில் முதலில் நினைக்க வேண்டியது மலேரியா அல்ல, டெங்கு. 2017ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 180,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். 400 பேருக்கு மேல் இறந்தார்கள்.

டெங்குவின் சூழ்ச்சி என்னவென்றால், காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்துத் தொடங்குகின்றது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் சூடு தணியும். தாய் நிம்மதியாக மூச்சு விடுவாள். தகப்பன் வேலைக்குப் போவார். அந்த நேரத்தில்தான் சில பிள்ளைகளுக்கு இரத்தக் குழாய்களில் இருந்து இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்குகின்றது. வயல் செய்த எமக்கு இது விளங்கும். வரம்பு வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் நிற்கும். நண்டு வளையால் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். விடிந்து பார்த்தால் வயல் காய்ந்து கிடக்கும். கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் பிள்ளை தேறிவிடும். தாண்டுவதற்கு வைத்தியசாலையில் அளவறிந்து நீர் ஏற்றுவதும், மணிக்கு மணி பார்த்துக்கொள்வதும் அவசியமாகலாம்.

எனவே காய்ச்சல் மூன்றாம் நாளுக்குச் சென்றால், பிள்ளை நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும், அரச வைத்தியசாலையில் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் அதற்கு முன்னரே காட்டுவது நல்லது. காய்ச்சல் விட்டபின்னும் இரண்டு நாள் பிள்ளையை விட்டு அகலாதீர்கள். கடும் வயிற்று நோ, தொடர்ந்த சத்தி, கை கால் குளிர்ந்து போதல், அந்தரப்படுதல் அல்லது தூங்கி வழிதல், முரசிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பாக மலம் போதல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே புறப்படுங்கள். பப்பாசி இலைச் சாறு கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருப்பது அந்தக் கசிவுக்கு மருந்தாகாது.

இரண்டாவது: மூச்சுக் கணக்கு

காய்ச்சலோடு இருமலும் சேர்ந்தால் பிள்ளையின் மூச்சை எண்ண வேண்டும். நியூமோனியா என்னும் நுரையீரல் அழற்சியை வீட்டிலிருந்தே சந்தேகிக்க இதைவிட நல்ல வழி இல்லை. பிள்ளை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். ஒரு தடவை உயர்ந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. மணிக்கூட்டையோ கைத்தொலைபேசியையோ பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்திற்கு 60 அல்லது கூடுதலாக, இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிறையும்வரை 50 அல்லது கூடுதலாக, ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40 அல்லது கூடுதலாக இருந்தால் அது வேகமான மூச்சு. அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உட்குழிந்தாலோ, முனகல் கேட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

ஒரே அறையில் விறகடுப்பு எரித்துப் பிள்ளையையும் படுக்க வைத்திருந்தால் புகை அதன் மார்பை மேலும் வருத்தும். அடுப்பைக் கொட்டிலுக்கு வெளியே மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

மூன்றாவது: சலக் கணக்கு

காய்கின்ற பிள்ளை வியர்வையாலும் வேகமான மூச்சாலும் தண்ணீரை இழக்கின்றது, குடிப்பதோ குறைவு. உடம்பில் போதிய நீர் இருக்கிறதா என்பதைச் சலமே சொல்லும். பிள்ளை எத்தனை தடவை சலம் போகின்றது, என்ன நிறம் என்பதைக் கவனியுங்கள். ஆறு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை என்றால் அது ஆபத்தின் அடையாளம். நாக்கு வரளல், கண்ணீர் இல்லாமல் அழுதல், கண் உள்ளே போதல், குழந்தையின் உச்சிக்குழி தாழ்தல் என்பனவும் அவ்வாறானவையே.

ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. வழமையைவிட அடிக்கடி கொடுங்கள். மூத்த பிள்ளைகளுக்குக் கொதித்தாறிய தண்ணீர், அரிசிக் கஞ்சி, இளநீர், பால் என்பவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியால் கொடுக்கலாம். வயிற்றோட்டமும் இருந்தால் ஒரு பைக்கற் ஜீவனியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுங்கள். 24 மணித்தியாலத்திற்கு மேல் மிஞ்சியதை ஊற்றிவிட வேண்டும். ஜீவனி கிடைக்காத இடத்தில், ஒரு லீற்றர் நீரில் சீனி ஆறு தேக்கரண்டியும் உப்பு அரைத் தேக்கரண்டியும் மட்டமாக அளந்து கரைக்கலாம். உப்புக் கூடினால் தீங்கு. அளவை மீற வேண்டாம்.

டெங்குக் காலத்தில் சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள். பிள்ளை சத்தி எடுக்கும்போது அது இரத்தமா பானமா என்று பிரித்தறிய முடியாமற் போகும்.

உடனே புறப்பட வேண்டிய அடையாளங்கள்

மேலே சொன்னவற்றோடு கீழ்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் நாட் கணக்கைப் பார்க்காமல் புறப்படுங்கள்:

1. பால் அல்லது தண்ணீர் குடிக்க முடியாமை. குடித்த யாவும் சத்தியாதல்.
2. எழுப்பினாலும் எழும்பாத தூக்கம், மயக்கம், தாயை அடையாளம் காணாமை.
3. வலிப்பு.
4. கழுத்து விறைத்தல், உச்சிக்குழி புடைத்தல், இடைவிடாத கீச்சுக் குரல் அழுகை.
5. தோலில் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள். கண்ணாடிக் குவளையை வைத்து அமத்தினாலும் மறையாதிருத்தல்.
6. கை அல்லது கால் அசைக்காமை, மூட்டு வீங்கியிருத்தல்.

அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். இடம்பெயர்ந்தவர் என்பதற்காக உங்கள் பழைய ஊர் வைத்தியசாலையையே தேடிப் போக வேண்டியதில்லை. வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்திற்குத் தொலைபேசி எடுத்தால் 'சுவசெரிய' அம்புலன்ஸ் வரும். அதற்கும் கட்டணம் இல்லை. முகாமின் பெயரோடு, பக்கத்தில் உள்ள பாடசாலை, கோயில், சந்தி ஒன்றையும் சொல்லுங்கள்.

நூல் கட்டுதல், திருநீறு போடுதல், நேர்த்தி வைத்தல் என்பன தாயின் மனத்திற்கு ஆறுதல் தருபவை. அவற்றை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றை வழியிலும் செய்யலாம், வைத்தியசாலையிலும் செய்யலாம். அவற்றுக்காகப் பயணத்தைப் பிற்போடக்கூடாது.

மருந்தை அளந்து கொடுப்போம்

காய்ச்சலுக்கு வீட்டில் கொடுக்கக்கூடிய மருந்து பரசிற்றமோல் ஒன்றே. நோயை அது மாற்றாது. பிள்ளையின் வேதனையைக் குறைத்துக் குடிக்கவும் தூங்கவும் உதவும். சூடு இருந்தும் பிள்ளை உற்சாகமாக இருந்தால் மருந்தே தேவையில்லை.

அளவு வயதைப் பொறுத்ததல்ல, நிறையைப் பொறுத்தது. ஒரு கிலோ நிறைக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம் என்பது உயர்ந்த அளவு. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால், 8 கிலோ பிள்ளைக்கு 5 மில்லிலீற்றர், 12 கிலோ பிள்ளைக்கு 7.5 மில்லிலீற்றர், 16 கிலோ பிள்ளைக்கு 10 மில்லிலீற்றர். ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையில் ஆறு மணித்தியாலம் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. பாணிகளின் பலம் ஒன்றுக்கொன்று வேறுபடும். போத்தலில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசியுங்கள். வீட்டுக் கரண்டிகள் ஒரே அளவானவை அல்ல. மருந்தோடு வரும் அளவுக் குவளையையே பாவியுங்கள். தடிமன் பாணிகள் சிலவற்றிலும் பரசிற்றமோல் இருப்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடக்கூடாது. அளவு மிஞ்சினால் ஈரல் பழுதாகும். சூடு இறங்கவில்லை என்று இடையில் இன்னொரு வேளை கொடுப்பதே பெரும்பாலும் நடக்கும் தவறு. அதைத் தவிர்க்க, கொடுத்த நேரத்தையும் கலண்டரிலே எழுதுங்கள்.

அஸ்பிரின், டிஸ்பிறின் வேண்டாம். ஐபுபுறூபன், டைக்குளோபினக் போன்ற நோ மாத்திரைகளும் குளிசைகளும் வேண்டாம். டெங்குவாக இருந்தால் இவை இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். சென்ற முறை மிஞ்சிய அன்ரிபயோற்றிக் மருந்தையும், அயல் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த மருந்தையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். வைரசுக் காய்ச்சலுக்கு அவை பயன் தருவதில்லை.

பிள்ளைக்கு இதமாக இருந்தால் இளஞ்சூட்டு நீரில் துணி நனைத்து உடம்பைத் துடைக்கலாம். ஐஸ் தண்ணீரும் குளிர் நீரும் ஆகாது. தோல் குளிர்ந்து நடுக்கம் எடுத்தால் உள்ளே சூடு கூடவே செய்யும்.

காய்ச்சல் வலிப்பு

ஆறு மாதத்திற்கும் ஐந்து வயதிற்கும் இடைப்பட்ட சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வரும். கண் மேலே சொருகி, கை கால் வெட்டி இழுக்கும். பார்ப்பவர் நெஞ்சு பதறும்; ஆயினும் பெரும்பாலானவை ஐந்து நிமிடத்திற்குள் நின்றுவிடும், மூளைக்குப் பாதிப்பு ஏற்படுத்துவதுமில்லை. பிள்ளையை நிலத்தில், ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். கழுத்து உடுப்பைத் தளர்த்துங்கள். வாய்க்குள் கரண்டியோ விரலோ வைக்க வேண்டாம். தண்ணீரோ மருந்தோ ஊற்ற வேண்டாம். கையில் இரும்புத் திறப்பைக் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. எத்தனை நிமிடம் நீடித்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நின்றபின்னும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஏனெனில் மூளைக்காய்ச்சலாலும் வலிப்பு வரலாம். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் அம்புலன்சை அழையுங்கள்.

அம்மாள் வருத்தமும் சின்னமுத்தும்

மக்கள் நெருங்கி வாழும் இடத்தில் கொப்புளிப்பானும் சின்னமுத்தும் விரைவாகப் பரவும். 2009இல் வவுனியா முகாம்களில் கொப்புளிப்பான் பரவியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அம்மாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டுவோம், பிள்ளையை வேறாக வைப்போம். வேறாக வைப்பது நல்ல பழக்கம், தொற்றைத் தடுக்கும். ஆனால் வைத்தியரிடம் போகக்கூடாது என்பது ஆபத்தான பழக்கம். கொப்புளம் உள்ள பிள்ளைக்கும் மூச்சு வேகமானால், சோர்ந்து கிடந்தால், வைத்தியரே வேண்டும். சின்னமுத்து வந்த பிள்ளைக்கு விற்றமின் ஏ கொடுப்பது கண்ணையும் உயிரையும் காக்கும். அதற்காகவும் வைத்தியசாலை செல்ல வேண்டும்.

சின்னமுத்துத் தடுப்பூசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படுகின்றது. இடப்பெயர்வில் தவறிய ஊசிகளைப் பின்னரும் போடலாம். புதிய இடத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பிள்ளையின் நிறையும் ஊசியும் எழுதிய புத்தகத்தை, காணி உறுதியையும் அடையாள அட்டையையும் போல, தண்ணீர் புகாத பையில் வைத்திருங்கள். ஊசி போட்டபின் ஓரிரு நாள் காய்ச்சல் வருவது வழமை; அதற்காக அடுத்த ஊசியை விட்டுவிடக்கூடாது.

சேர்ந்து செய்யக்கூடியவை

தனிக் குடும்பத்தால் இயலாத சிலவற்றைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் செய்யலாம். ஒரு வெப்பமானியும் ஒரு அளவுக் குவளையும் பொதுவில் வாங்கி, எல்லோரும் அறிந்த ஒருவரிடம் வைக்கலாம். இரவில் வரக்கூடிய ஓட்டோக்காரரின் இலக்கத்தைக் கொட்டில்களில் எழுதி ஒட்டலாம். கிழமைக்கு ஒரு சிறு தொகை சேர்த்துப் பயணச் செலவுக்கு வைத்தால், காசில்லை என்பதற்காக ஒரு தாய் விடியும்வரை காத்திருக்க மாட்டாள். ஒருவர் பிள்ளையோடு வைத்தியசாலையில் நிற்கும்போது மற்றப் பிள்ளைகளுக்கு யார் சோறு கொடுப்பது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

டெங்கு நுளம்பு தெளிந்த நீரிலேயே முட்டையிடும், பகலிலேயே கடிக்கும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு கிழமையளவே எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒரு நாளைக் குறித்து, பரல், வாளி என்பவற்றை ஊற்றித் தேய்த்துக் கழுவி மூடி வையுங்கள். சிரட்டை, ரயர், தயிர்ச் சட்டி, தறப்பாளின் மடிப்பு ஆகியவற்றில் தேங்கும் மழைநீரை ஊற்றிவிடுங்கள். பகலில் தூங்கும் குழந்தைக்கும் நுளம்பு வலை போடுங்கள்.

வயலையும் வளவையும் விட்டு வரும்போது பலவற்றை நாம் கைவிட்டு வந்தோம். ஆனால் நாள் பார்க்கவும், நீர் பார்க்கவும், பயிரின் வாட்டத்தைக் கண்டறியவும் கற்ற கண் எம்மோடேயே இருக்கிறது. அந்தக் கண்ணைக் காய்கின்ற பிள்ளையின் மேல் வைப்போம். எத்தனையாம் நாள், எத்தனை மூச்சு, கடைசியாக எப்போது சலம் போனது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லக்கூடிய தாயும் தகப்பனும், எப்போது வீட்டில் வைத்துப் பராமரிப்பது, எப்போது புறப்படுவது என்பதை அறிந்திருப்பார்கள்.